மணலும் நீரும் காலணியும்

மைதானத்தில் ஓடுவதற்கு ஏற்ற காலணி எது என்று இன்றைய கல்லூரி மாணவர் ஒருவரைக் கேட்டால் அவர் தயங்காமல் விடை கூறுவார். குறுகிய தூர ஓட்டத்திற்கு அடியில் ஆணி பதித்தது, சாலை ஓட்டத்திற்கு மெத்தைபோல் அமுங்குவது, மலைப்பாதைக்கு அடிப்புறம் பற்கள் உடையது என்று வகை பிரித்துச் சொல்லவும் அவர் வல்லவர். ஆனால் உலர்ந்த மணலில் சிறிது தொலைவு ஓடி, கணுக்காலளவு நீரில் இறங்கி, மறுபடியும் மணலில் ஏறி ஓடவேண்டும்; அதற்கு எதனை அணிவது என்று கேட்டுப் பாருங்கள். விடை எளிதில் வராது. கடைக்காரரோ, "வெறுங்காலோடு ஓடிவிடுங்களேன்" என்று சொல்லிச் சிரிப்பார். அவ்விடையை நான் முற்றும் தள்ளிவிடமாட்டேன். அதனிடம் பின்னர் வருவேன். ஆயினும், சந்திர மண்டலத்தில் நடப்பதற்கும் 1969-ஆம் ஆண்டிலேயே காலணி செய்துவிட்ட மனிதன், கடற்கரைக்கு ஒரு நல்ல காலணி செய்வதில் இத்தனை தொல்லைப்படுவானேன் என்பது ஆராயத்தக்கது.

வியப்பு என்னவெனில், விளையாட்டுக் காலணிகளின் மூதாதை என்று சொல்லத்தக்கது கடற்கரைக் காலணியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரயில் பாதைகள் பரவியபின், நடுத்தரக் குடும்பத்தினர் விடுமுறை நாள்களைக் கழிக்கக் கடற்கரை ஊர்களுக்குச் செல்லலாயினர். தோற்காலணி உப்புநீரில் நனைந்தால் விறைத்து வெடித்துவிடும். அதற்கு மாற்றாகக் கித்தான் துணியில் மேற்பகுதியும் ரப்பரில் அடிப்பகுதியுமாக மலிவான காலணி ஒன்று வழக்கத்திற்கு வந்தது. கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்றிருந்தார். அதனால் ரப்பர், வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் இருக்கும் பொருளாக மாறியிருந்தது. இக்காலணியை ஆஸ்திரேலியாவில் 'சாண்ட்ஷூ', அதாவது மணற்காலணி, என்றே அழைத்தனர். இங்கிலாந்திலோ அதற்குப் 'பிளிம்சால்' என்று பெயர். கப்பலில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைக் காட்ட அதன் பக்கத்தில் ஓர் எல்லைக்கோடு இடவேண்டும் என்று போராடி, 1876-இல் அதனைச் சட்டமாக்கச் செய்தவர் சாமுவேல் பிளிம்சால் என்பவர். காலணியில் துணியும் ரப்பரும் சேருமிடத்தை மூடியிருந்த பட்டை அந்தக் கோட்டை நினைவூட்டியதாம். நீர் அக்கோட்டுக்கு மேல் ஏறினால் கால் நனையும்! நம் பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்புக்கு அணியும் வெள்ளைக் கான்வாஸ் காலணியும் இந்த மரபில் வந்ததே.

அந்தக் காலணியை அணிந்து கடற்கரையில் உலாவலாம். வெகுதூரம் ஓட இயலாது. சிறிது நேரத்தில் மணல் உள்ளே புகும். நீர் புகுந்தால் வெளியேறாது. கடற்கரைக்கென்று பிறந்த காலணி மைதானத்தில்தான் புகழ் பெற்றது.

மணல் என்பது என்ன? ஒரு மில்லி மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு முதல் 2 மில்லி மீட்டர் வரை குறுக்களவு உள்ள துகள்களையே புவியியல் நூலார் மணல் என்பர். இவ்வளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு துகளும் கல்லைப்போல் கெட்டியானது. கூட்டமாகச் சேர்ந்தாலோ அது ஒருவகையில் திரவத்தைப்போல் நடந்துகொள்கிறது. உலர்ந்த மணலைக் குவித்துப் பாருங்கள். தரையோடு ஏறத்தாழ 30 முதல் 35 பாகைக் கோணத்தில் அது சரிந்து நிற்கும். அதற்குமேல் செங்குத்தாக நிற்க மறுக்கும். துகளுக்கும் துகளுக்கும் இடையே உள்ள பிடிப்பு அவ்வளவே. ஓடுகிறவன் முன்னே செல்வதற்காகத் தரையைப் பின்னோக்கி உதைக்கிறான். அந்த உதை இப்பிடிப்பை மீறியவுடன் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அவன் முன்னே போக விரும்புகிறான். மணல் பின்னே போகிறது.

சிறிது நீர் சேர்ந்தால் கதை மாறுகிறது. துகள்களின் இடுக்குகளில் நிற்கும் நீரின் பரப்பு இழுவிசை, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கிறது. குழந்தைகள் ஈரமணலில் வீடு கட்டுவது இதனாலேதான். அலை வந்து மீண்ட ஈரமணலில் காலை ஊன்றும்போது மற்றொரு விந்தையையும் காணலாம். பாதத்தைச் சுற்றியுள்ள மணல் ஒரு கணம் வெளுத்து, உலர்ந்தாற்போல் தோன்றும். நம் பாரத்தால் நீர் பிழியப்பட்டு வெளியேறியது என்று பலரும் எண்ணுவர். பிழியப்பட்டிருந்தால் நீர் மேலே அன்றோ வந்திருக்க வேண்டும்? மான்செஸ்டரில் பேராசிரியராயிருந்த ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1885-இல் இப்புதிரை விடுவித்தார். நெருக்கமாக அடுங்கியிருக்கும் துகள்களை அசைத்தால், அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் நகர முடியும். ஆதலால் கூட்டம் மொத்தமாகச் சற்று விரிகிறது, இடைவெளி பெருகுகிறது, மேலே நின்ற நீர் அந்த இடைவெளிக்குள் உறிஞ்சப்படுகிறது. காலை எடுத்ததும் அந்தத் தடத்தில் நீர் மீண்டும் கசிந்து நிற்கும். இவ்வாறு நீரை உள்ளே இழுக்கும் கணத்தில் மணல் இறுகி நிற்கிறது. அலையோரத்தில் ஓடுவது எளிதாகவும், பத்தடி தள்ளி உலர்ந்த மணலில் ஓடுவது வாட்டுவதாகவும் இருப்பதன் காரணம் இதுதான்.

எவ்வளவு வாட்டும்? பெல்ஜியம் நாட்டின் லூவேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மூவர் இதனை அளந்து 1998-இல் வெளியிட்டனர். கெட்டித் தரையில் ஒரு வேகத்தில் நடப்பதற்குச் செலவாகும் சக்தியைப்போல், அதே வேகத்தில் மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு வேண்டியிருந்தது. ஓட்டத்திற்கு அவ்விகிதம் 1.6 மடங்கு. கெட்டித் தரையில் ஓடும்போது நம் தசைநாண்கள் வில்லைப்போல் நீண்டு, வாங்கிய சக்தியில் ஒரு பகுதியை அடுத்த அடிக்குத் திருப்பித் தருகின்றன. மணலோ வாங்கிக்கொள்கிறதே தவிரத் திருப்பித் தருவதில்லை. கடன் கேட்டுப் பழகிய உறவினர் சிலரைப் போன்றது அது.

இதிலிருந்து காலணி செய்வோன் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கடற்கரை ஓட்டத்திற்கென்று தடித்த மெத்தையடி வைத்த காலணிகளை விற்பவர்கள் உண்டு. மணலே மெத்தையாக இருக்கும்போது மெத்தையின்மேல் மெத்தை எதற்கு? கால் இன்னும் தள்ளாடுவதுதான் மிச்சம். ஆழமான பற்கள் உலர்ந்த மணலில் பயன்படுவதில்லை; பற்கள் பிடித்துக்கொள்ளும் மணலே அடுத்த மணலின்மேல் வழுக்கிவிடும். பயன்படுவது அகலம் ஒன்றே. ஒட்டகத்தின் பாதத்தைப் பாருங்கள். இரண்டு விரல்களின் கீழ் அகன்ற மெத்தைபோன்ற தசை. ஊன்றும்போது அது விரிந்து பாரத்தைப் பரப்புகிறது. பரப்பு மிகுந்தால் அழுத்தம் குறையும்; அழுத்தம் குறைந்தால் புதைவும் குறையும். ஆனால் மனிதனின் காலணியை முறம்போல் அகலமாக்கினால் கணுக்கால் பிறழும். ஒரு காலணி மற்றொன்றில் இடறும். ஆகவே விரல்பகுதியில் சற்று அகன்று, அடி தாழ்ந்து, எடை குறைந்திருப்பதே நல்லது.

இனி, மணல் காலணிக்குள் புகும் தொல்லை. இதனைக் கற்பதற்குச் சகாரா பாலைவனத்தைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. பிரான்சு நாட்டவரான பத்ரிக் பாவர் 1984-இல் அப்பாலையில் ஏறத்தாழ 350 கிலோ மீட்டர் தூரத்தைத் தனியே நடந்து, பன்னிரண்டு நாள்களில் கடந்தார். அந்த அனுபவத்தின் பயனாக மொராக்கோ நாட்டில் 1986-இல் ஓர் ஓட்டப்பந்தயத்தை ஏற்படுத்தினார். 'மாரத்தான் தெ சாப்ள', அதாவது மணல் மாரத்தான், என்பது அதன் பெயர். முதலாண்டில் ஓடியவர் 23 பேர். பின்னர் அது ஆயிரம்பேர் வரை கூடும் விழாவாயிற்று. உணவையும் படுக்கையையும் முதுகில் சுமந்துகொண்டு, ஏறத்தாழ 250 கிலோ மீட்டரைப் பல நாள்களில் கடக்கவேண்டும். அங்கே பலரை வீழ்த்துவது வெயிலைவிடக் கொப்புளமே. வியர்வையில் நனைந்து மென்மையான தோலின்மேல் மணல் உப்புத்தாள்போல் உராய்கிறது. முதலில் சிவப்பு, பிறகு நீர்க்கொப்புளம், அது உடைந்தால் புண், புண்ணில் மீண்டும் மணல்.

அங்கு ஓடுபவர்கள் கண்ட உபாயம் எளியது. வான்குடைத் துணி போன்ற மெல்லிய, நெருங்கிய நெசவுள்ள துணியில் ஓர் உறை தைக்கின்றனர். காலணியின் அடியும் மேற்பகுதியும் சேரும் விளிம்பைச் சுற்றி ஓர் ஒட்டுப்பட்டையைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்கின்றனர். உறையின் கீழ்விளிம்பு அப்பட்டையில் ஒட்டிக்கொள்ளும். மேல்விளிம்பு கெண்டைக்காலை இறுகப் பிடிக்கும். காலணியின் வாய் மட்டுமன்று, மேல்துணி முழுவதுமே மூடப்பட்டுவிடுகிறது. வெப்பத்தில் பாதம் வீங்கும் என்பதால் காலணியையும் ஓரளவு பெரிதாகவே வாங்குகின்றனர். ஆக, மணல் கூறும் கட்டளை: மூடு.

நீர் கூறும் கட்டளை இதற்கு நேர் எதிரானது. நீரின் அடர்த்தி காற்றினுடையதைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு. அதனூடே ஒரு பொருளைத் தள்ளும்போது எழும் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். வேகத்தை இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். ஆகையால் கணுக்காலளவு நீரில் ஓடத் தெரிந்தவர்கள் காலை நீரினுள் இழுப்பதில்லை. முழங்காலை உயர்த்திப் பாதத்தை நீருக்குமேலே எடுத்து வைப்பர். நீர் முழங்காலை எட்டினால், கடலோர உயிர்காப்பு வீரர்கள் காலைப் பக்கவாட்டில் வீசி நீர்ப்பரப்பின்மேல் சுழற்றி ஓடுவர். அதற்கும் மேலானால் பாய்ந்து நீந்துவதே விரைவு. இங்குக் காலணி செய்யக்கூடிய உதவி ஒன்றுதான்: எடை கூடாமல் இருத்தல். காலணி ஒவ்வொன்றிலும் 100 கிராம் எடை கூடினால் ஓட்டத்திற்கு வேண்டிய பிராணவாயு நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு மிகும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். பருத்தித் துணியும் தோலும் பஞ்சுத்தகடும் உறிஞ்சும் நீர் அவ்வளவைச் சிரமமின்றிக் கூட்டிவிடும்.

இதனைச் சோதிக்க ஒலிம்பிக் விளையாட்டிலேயே ஒரு போட்டி இருக்கிறது. 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தில் 28 முறை தடைகளைத் தாண்டவேண்டும். அன்றி, ஏழு முறை நீர்க்குழியையும் கடக்கவேண்டும். குழியின் நீளம் 3.66 மீட்டர். தடையின் அருகே ஆழம் மிகுதி. பழைய குழிகளில் அது 70 சென்டி மீட்டர். அங்கிருந்து தரை சாய்வாக ஏறி ஓட்டப்பாதையின் மட்டத்தை அடையும். எட்டிப் பாய்ந்தால் கணுக்கால் மட்டும் நனையும். தவறினால் முழங்காலுக்கு மேலும் நனையும். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் கென்யா நாட்டு இளைஞர் ஆமோஸ் பிவோட் நீரையே தொடாமல் குழி முழுவதையும் தாண்டிப் பாய்ந்து பார்த்தவர்களைத் திகைக்க வைத்தார். தங்கப் பதக்கமும் அவருக்கே. அத்தகைய பாய்ச்சல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. மற்றவர்களுக்காகச் செய்யப்படும் காலணியில் மேற்பகுதி நீரை உறிஞ்சாத வலைத்துணி. அடியிலும் பக்கத்திலும் சிறு துளைகள். கால் ஊன்றும்போது பாதமே பம்பு போல் வேலை செய்து நீரை அத்துளைகளின் வழியே வெளியே தள்ளும். 2022-இல் பர்மிங்காம் நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுகளில் நம் நாட்டவரான அவினாஷ் சாப்லே இப்போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். முதல்வருக்கும் அவருக்கும் இடையே இருந்தது ஒரு விநாடியில் நூற்றில் ஐந்து பங்கே. காலணியில் தங்கும் ஒரு மிடறு நீரும் அங்கே பொருட்படுத்தத்தக்கது.

வடிகால் துளையை விளையாட்டு மைதானத்தில் மட்டுமன்றி, போர்க்களத்திலும் காணலாம். முதல் உலகப்போரில் நீர் தேங்கிய பதுங்குகுழிகளில் நாள்கணக்கில் நின்ற ஆயிரக்கணக்கான வீரர்களின் பாதங்கள் மரத்து, வீங்கி, சிலருக்கு அழுகியும் போயின. நீர் புகாத கனத்த பூட்ஸ் இருந்துமா இது நேர்ந்தது? மேல்வழியாக ஒருமுறை நீர் புகுந்துவிட்டால், நீர் புகாத பூட்ஸ் நீர் போகாத பூட்ஸாகவும் ஆகிவிடுகிறது. அதனை நாம் மறந்துவிடுகிறோம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க இராணுவம் வெப்ப நாட்டுக் காடுகளுக்கென்று கித்தானும் ரப்பரும் கொண்ட பூட்ஸ் செய்தது. அதன் உள்ளே பிளாஸ்டிக் வலைகளை அடுக்கிச் செய்த உள்ளடி ஒன்றை வைத்தனர். பின்னர் வியத்நாம் போரில் அணிந்த பூட்ஸில் உட்பாதத்தின் அருகே, வலையிட்ட இரண்டு துளைகளும் இருந்தன. நீர் வராமல் தடுக்க முடியாது. ஆகவே வந்ததை விரைவில் அனுப்பிவிடுவோம் என்ற எண்ணம் இதில் தெளிவாகத் தெரிகிறது.

இப்போது சிக்கல் விளங்கியிருக்கும். மணல் மூடச் சொல்கிறது; நீர் திறக்கச் சொல்கிறது. மணலுக்குச் செய்த உறை நீரில் பைபோல் நிறைந்துவிடும். நீருக்குச் செய்த துளை மணலுக்கு வாயிற்கதவு ஆகும். ஸ்டீபிள்சேஸ் காலணியைக் கடற்கரைக்குக் கொண்டுசென்றால், நீர் வடிந்த வழியே மணல் உள்ளே வரும். அதுவும் ஈரமணல், ஒட்டிக்கொண்டு போகமாட்டாத மணல்.

இதற்குத் தீர்வு நம் சமையலறையிலேயே இருக்கிறது. சென்ற ஆண்டு நான் வீட்டிலிருந்த மாவுச் சல்லடையையும், கிழிந்த குடையின் நைலான் துணியையும், பழைய வேட்டித் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். வேடிக்கை பார்க்க நாலைந்து சிறுவர்கள் கூடிவிட்டனர். சல்லடையில் கொட்டிய உலர்மணலில் பெரும்பகுதி கீழே விழுந்துவிட்டது. வேட்டித் துணி மணலை நிறுத்திக்கொண்டது; நீரையும் வடியவிட்டது; ஆனால் தானும் நனைந்து கனத்தது. குடைத்துணி மணலை மட்டுமன்றி நீரையும் நிறுத்திவிட்டது. வேண்டுவது இவற்றுக்கு இடைப்பட்டது: நீரை உறிஞ்சாத செயற்கை நூலில், மணல்துகளைவிடச் சிறிய கண்கள் கொண்ட வலை. முன்னே நினைவில் வைக்கச் சொன்ன அளவு இங்கே உதவுகிறது. கடற்கரை மணலில் பெரும்பாலும் கால் மில்லி மீட்டர் அளவிலும் அதற்கு மேலுமான துகள்களே இருக்கும். கண் அதனினும் சிறியதானால் மணல் நிற்கும், நீர் போகும்.

ஆனால் கண் சிறுக்கச் சிறுக்க நீர் மெதுவாகவே வடியும். பரப்பு இழுவிசை ஒவ்வொரு கண்ணிலும் ஒரு மெல்லிய நீர்த்திரையைப் பிடித்து நிறுத்தும். ஈடுசெய்ய ஒரே வழி, கண்களின் தொகையைப் பெருக்குவது. அஃதாவது, நான்கு பெரிய துளைகளுக்கு மாறாகக் காலணியின் மேற்பகுதி முழுவதையுமே நுண்வலையாக்குவது. அடித்தட்டில் துளையிட்டால் அதன்மேலும் அதே வலையை விரித்துவிட வேண்டும். காலணியின் வாயில் நாக்குப்பகுதி தனியே தொங்காமல், இருபுறமும் மேற்பகுதியோடு தைக்கப்பட்டிருக்க வேண்டும். கணுக்காலைச் சுற்றி நெகிழும் பட்டை ஒன்று வேண்டும். நல்ல கடற்கரைக் காலணியை அறிய நான் கையாளும் சோதனை மிக எளியது. ஒரு குவளை நீரை உள்ளே ஊற்றிப் பத்து வரை எண்ணுவேன். அதற்குள் பெரும்பகுதி வடியாவிட்டால் அதனை வாங்குவதில்லை. கடைக்காரர் இச்சோதனைக்கு இசைவதில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. பாலைவன ஓட்டத்திற்குக் காலணி சற்றுப் பெரிதாயிருக்கலாம் என்றேன். நீரில் அது ஆகாது. நனைந்த பாதம் உள்ளே வழுக்கும். தளர்ந்த காலணிக்குள் நீரும் மிகுதியாகத் தங்கும். சுவீடன் நாட்டில் 2006 முதல் 'ஓட்டில்லோ' என்னும் போட்டி நடந்துவருகிறது. தீவிலிருந்து தீவுக்கு என்பது அப்பெயரின் பொருள். 2002-இல் நண்பர் நால்வர் கட்டிய பந்தயமே அதன் தொடக்கம். ஸ்டாக்ஹோம் அருகிலுள்ள தீவுகளில் இருவர் இருவராகச் சேர்ந்து ஓடியும் இடையிலுள்ள கடலை நீந்தியும் ஏறத்தாழ 75 கிலோ மீட்டர் கடக்கின்றனர். ஒவ்வொரு தீவிலும் காலணியைக் கழற்றி மாட்ட நேரமில்லை. ஆகவே காலணியோடே நீந்துகின்றனர்! அவர்கள் தேர்ந்தெடுப்பது காலோடு ஒட்டிய, மெல்லிய, விரைவில் வடியும் காலணி. பாசி படர்ந்த பாறையில் வழுக்காத மென்மையான ரப்பர் அடி. குளிர்நீரில் அணியும் நியோப்ரீன் காலுறைகளோ கதகதப்பைத் தருமேயன்றி, உள்ளே நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நீண்ட ஓட்டத்திற்கு ஏற்றவை அல்ல.

இனி அந்தக் கடைக்காரர் சொன்ன வெறுங்கால். தூய்மையான, வெயில் ஏறாத மணலில், நலமுள்ள இளைஞர் ஒருவருக்கு வெறுங்காலைவிடச் சிறந்த காலணி இல்லை என்றே கூறுவேன். அதில் மணல் தங்குவதில்லை, நீர் தேங்குவதில்லை. கடலோர உயிர்காப்பு வீரர்களின் மணல் ஓட்டப்போட்டிகளில் வெறுங்காலோடுதான் ஓடுகின்றனர். மணற் கைப்பந்து விளையாட்டிலும் வெறுங்காலே விதி. மணல் மிகவும் சுட்டால் நடுவரின் இசைவு பெற்றுக் காலுறை அணியலாம். நம் கரையில் வலை இழுக்கும் மீனவர்களும் தலைமுறை தலைமுறையாக வெறுங்காலோடே அம்மணலில் உழைத்துவந்திருக்கின்றனர்.

ஆயினும் இரண்டு செய்திகளை வற்புறுத்த வேண்டும். சித்திரை வைகாசி நண்பகலில் உலர்மணலின் வெப்பம் 50 பாகை சென்டிகிரேடைத் தாண்டிவிடும். நீரிழிவு நோயுள்ளவர்களில் பலருக்குப் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கும். அத்தகையவர்கள் சுடுமணலில் நடந்து, அடிப்பாதம் வெந்ததையே அறியாமல் வீடு திரும்புவதுண்டு. கிளிஞ்சல் கீறியதை இரத்தம் கண்ட பின்னரே உணர்வதுண்டு. ஆறாத புண்ணாகி விரலையும் காலையும் இழக்கும் நிலை அவ்வாறுதான் தொடங்குகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடற்கரைக்கு வந்தால் செருப்பைக் கழற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். திரும்பியதும் அவர்கள் பாதத்தை விளக்கொளியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மற்றொன்று, மணலில் குதிகால் புதைவதால் பின்னங்கால் தசைநாண் வழக்கத்தைவிட மிகுதியாக நீள்கிறது. பந்தயத்திற்குப் பழகும் மாணவர்கள் முதல் நாளே மூன்று மைல் ஓடாமல், முதல் வாரம் ஐந்து பத்து நிமிடங்களோடு நிறுத்துவது நலம். கடற்கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் போகும்போது ஒரு காலும் வரும்போது மறுகாலும் தாழ்ந்து ஓடுமாறு, சென்ற வழியே திரும்பி வரவேண்டும்.

காலணி அணிந்து ஓடினால், திரும்பியவுடன் உள்ளடியைத் தனியே எடுத்து உதறி, இரண்டையும் நல்ல நீரில் அலசுங்கள். கடல்நீர் வற்றும்போது வலையின் கண்களில் உப்புப் பளிங்குகள் படிந்து, நீர் வடியும் வழியை அடைத்துவிடும். மறுநாள் அவையே மணலுக்குத் துணையாகத் தோலை அராவும். காய்வதற்கு வெயிலில் வைக்கவேண்டாம். அடியை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நிழலில் காற்றாட ஓரிரவு வைத்தால் போதும்.